அள்ளும் கடலும் ஆறப்போடும் கடலும்

ஷெல் பெட்ரோல் நிறுவனத்தின் சின்னமாக இருக்கும் விசிறி வடிவ ஓடு, ஸ்காலப் என்ற சிப்பியினுடையது. பெக்டினிடே குடும்பத்தைச் சேர்ந்த இந்தச் சிப்பிகளில் 300-க்கும் மேற்பட்ட இனங்கள் உலகக் கடல்களில் வாழ்கின்றன. வணிகத்துக்காகப் பெருமளவில் பிடிக்கப்படுபவை அவற்றில் ஒரு சிறு பகுதிதான். பெரும்பாலான சிப்பிகள் பாறையில் ஒட்டிக்கொண்டோ மண்ணில் புதைந்தோ காலம் தள்ள, ஸ்காலப் மணல் பரப்பின் மேல் கிடக்கிறது. ஆபத்து வந்தால் இரு ஓடுகளையும் படபடவென்று அடித்து, நீரைப் பீய்ச்சி, சில மீட்டர் தூரம் நீந்திவிடும். ஓடுகளை இழுத்து மூடும் தடித்த வெண்ணிறத் தசைதான் மனிதன் தேடுவது. அமெரிக்கர்கள் தசையை மட்டும் அறுத்தெடுத்து மற்றதைக் கடலில் வீசிவிடுவார்கள். ஐரோப்பாவின் பல பகுதிகளில் அதனுடன் ஒட்டியிருக்கும் ஆரஞ்சு நிறச் சினைப்பையும் தட்டில் வைக்கப்படும்.

முதிர்ந்த ஸ்காலப் பெரிதாக இடம்பெயர்வதில்லை. விழுந்த இடத்தைச் சுற்றியே அதன் வாழ்நாள் கழிகிறது. ஆனால் அது எங்கே விழும் என்பது யாருடைய கையிலும் இல்லை. வட அட்லாண்டிக்கின் பெரிய கடல் ஸ்காலப்பில் ஒரு பெண் சிப்பி ஆண்டுக்குப் பல கோடி முட்டைகளை நீரில் விடும். அவற்றிலிருந்து வெளிவரும் லார்வாக்கள் நான்கைந்து வாரங்கள் நீரோட்டத்தோடு மிதந்து, பிறகு அடியில் இறங்கும். பெரும்பாலான ஆண்டுகளில் பிழைப்பவை சொற்பம். எப்போதாவது ஓர் ஆண்டு வெப்பமும் ஓட்டமும் உணவும் ஒன்றுகூடி வந்து, ஒரே படுகையில் கோடிக்கணக்கில் குஞ்சுகள் இறங்கிவிடும். அதனால் ஒரு நாட்டின் ஸ்காலப் பிடிப்பை வரைபடமாகப் போட்டால் சீரான ஏற்றமோ இறக்கமோ தெரியாது, ரம்பப் பல்தான் தெரியும். ஓர் உச்சத்தைப் பார்த்ததும் மீன்வளத் துறை நன்றாக நிர்வகிக்கிறது என்று பாராட்டுவதும், சரிவைப் பார்த்ததும் அழித்துவிட்டார்கள் என்று அலறுவதும் சம அளவில் அவசரமான முடிவுகள். ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் எத்தனை குஞ்சுகள் இறங்கின என்பதை முதலில் பார்க்க வேண்டும். அவற்றை வளர விட்டார்களா என்பதை அடுத்துப் பார்க்க வேண்டும். மனிதர் கையில் இருப்பது அந்த இரண்டாவது விஷயம் மட்டுமே.

நாடுகளை ஒப்பிடுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அமெரிக்கப் புள்ளிவிவரம் அறுத்தெடுத்த தசையின் எடையைச் சொல்கிறது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்போ ஓட்டோடு சேர்ந்த எடையைக் கணக்கிடுகிறது. கடல் ஸ்காலப்பில் ஒரு கிலோ தசை கிடைக்க ஏறக்குறைய எட்டு கிலோ சிப்பி வேண்டும். இதைக் கவனிக்காமல் எண்களை அடுத்தடுத்து வைத்தால் ஜப்பான் மலையாகவும் அமெரிக்கா மடுவாகவும் தோன்றும்.

பிடிக்கும் கருவி பெரும்பாலும் டிரெட்ஜ் எனப்படும் இரும்புச் சட்டம். அதன் பின்னால் இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்த பை தொங்கும். பிரிட்டனில் வழங்கும் நியூஹேவன் வகையில் சட்டத்தின் அடியில் சுருள்வில் பொருத்திய பற்கள் இருக்கும். அவை மணலைக் கிளறி, அரைகுறையாகப் புதைந்து கிடக்கும் சிப்பிகளைக் கிளப்பும். முக்கால் மீட்டர் அகலமுள்ள இந்தச் சட்டங்களைப் பலவாகச் சேர்த்துப் படகின் இரு பக்கமும் இழுப்பார்கள். அமெரிக்காவில் 15 அடி அகலம் வரை உள்ள பெரிய சட்டங்கள் உண்டு. எந்த வகையானாலும் அது கடந்துபோகும் தடத்தில் கிடக்கும் சிப்பிகளில் ஒரு பகுதியே பையில் ஏறும். எஞ்சியவற்றில் ஒரு பகுதி நசுங்கும். கடல் விசிறி, கடற்பஞ்சு போன்று தரையில் ஊன்றி வளரும் உயிர்கள் பெயர்ந்துவிடும். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வாரும்போது சேதம் பெருகுகிறது.

அமெரிக்காவின் வடகிழக்குக் கரைக்கு அப்பால் இருக்கும் ஜார்ஜஸ் பேங்க் என்ற ஆழம் குறைந்த கடல்மேடு உலகின் பெரிய ஸ்காலப் களங்களில் ஒன்று. 1984-இல் பன்னாட்டு நீதிமன்றம் அதை அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் பிரித்துக் கொடுத்தது. ஒரே மேட்டின் இரு பக்கங்களை இரு நாடுகள் இரு விதமாக ஆண்டதால், வேண்டுமென்றே நடத்தியது போன்ற ஒரு பரிசோதனை அமைந்தது.

கனடா 1986-இல் தன் ஆழ்கடல் பங்கைச் சில நிறுவனங்களுக்கு நிலையான விழுக்காடுகளாகப் பிரித்துக் கொடுத்தது. மற்றவர் முந்திக்கொள்வாரோ என்ற பயம் நீங்கியதால், சிப்பி பருக்கும்வரை காத்திருப்பது அந்த நிறுவனங்களுக்கே இலாபமாயிற்று. 1990-களின் பிற்பகுதியில் பல்கற்றை ஒலிமானியால் கடலடியை வரைபடமாக்கவும் அவை பணம் போட்டன. ஸ்காலப் விரும்பும் கூழாங்கல் தரை எங்கே, வெறும் மணல் எங்கே என்று படத்தில் தெரிந்துவிட, முன்பு செலவான இழுவை நேரத்தில் ஏறக்குறைய கால் பங்கிலேயே அதே அளவைப் பிடிக்க முடிந்தது. டீசலும் மிச்சம், கடலடிக்கும் அடி குறைவு. இதற்குக் கொடுத்த விலை என்னவென்றால், ஆழ்கடல் ஸ்காலப் ஒரு கைப்பிடி நிறுவனங்களின் சொத்துபோல ஆகிவிட்டது. சிறு படகுக்காரர்களுக்கு ஃபண்டி விரிகுடா போன்ற கரையோரக் களங்களே எஞ்சின.

அமெரிக்கப் பக்கத்தில் நூற்றுக்கணக்கான படகுகள் போட்டி போட்டன. 1990-களின் தொடக்கத்தில் பெரும்பாலும் இளம் சிப்பிகளே பையில் வந்தன. 1994-இல் புதிய உரிமங்கள் நிறுத்தப்பட்டன, கடலுக்குச் செல்லும் நாட்கள் எண்ணிக் கொடுக்கப்பட்டன, ஒரு படகில் ஏழு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்றும் விதி வந்தது. கடைசி விதி வினோதமாகத் தோன்றலாம். சிப்பியை உடைத்துத் தசையை அறுப்பது கை வேலை. ஏழு பேர் ஒரு நாளில் எவ்வளவு சின்னச் சிப்பியை அறுத்துவிட முடியும்? ஆளைக் குறைத்தால் படகு தானாகவே பெரிய சிப்பியைத் தேடிப் போகும் என்பது கணக்கு. சந்தையும் அதையே சொன்னது. அங்கே ஸ்காலப்பின் தரம் ஒரு பவுண்டுக்கு எத்தனை தசைகள் என்பதால் அளக்கப்படுகிறது. பத்துக்கும் குறைவாக நிற்கும் பெரிய தசைக்கும் முப்பது நிற்கும் சிறியதற்கும் விலை வித்தியாசம் பெரிது. மூன்று வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் இந்த இனத்தின் தசை எடை நான்கு மடங்காகிறது. இரண்டு ஆண்டு சும்மா விட்டால் நான்கு மடங்கு என்பது எந்த வங்கியும் தராத வட்டி.

ஆனால் திருப்பத்தைக் கொண்டுவந்தது ஸ்காலப்புக்காகப் போடப்பட்ட விதியே அல்ல. காட், ஹேடாக் மீன்கள் அடியோடு சரிந்ததால் 1994 டிசம்பரில் ஜார்ஜஸ் பேங்க்கிலும் அதன் அண்டையிலும் மூன்று பெரிய பகுதிகள், ஏறக்குறைய 17,000 சதுர கிலோமீட்டர், அடிக்கடலை வாரும் எல்லாக் கருவிகளுக்கும் மூடப்பட்டன. ஸ்காலப் படகுகளும் வெளியேற்றப்பட்டன. ஸ்காலப் மீனவர்கள் கொதித்ததில் வியப்பில்லை. காட் மீன் எதிர்பார்த்தபடி மீளவில்லை. ஆனால் 1998-இல் பார்த்தபோது மூடிய பகுதியில் ஸ்காலப்பின் மொத்த எடை பக்கத்துத் திறந்த பகுதிகளைவிட 9 மடங்கு அடர்த்தியாக இருந்தது. பிடிக்கத்தக்க பருமனுள்ளவை 14 மடங்கு. மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் டார்ட்மத் வளாகத்தைச் சேர்ந்த கெவின் ஸ்டோக்ஸ்பரி 1999 முதல் இரும்புப் பிரமிடுச் சட்டத்தில் கேமராக்களைக் கட்டிக் கடலடியில் இறக்கி, சிப்பிகளை ஒவ்வொன்றாக எண்ணினார். படகும் எரிபொருளும் ஆட்களும் தந்தவர்கள் மீனவர்களே. அரசின் மதிப்பீட்டை நம்பாதவர்கள் படத்தில் கண்டதை நம்பினார்கள், அரசும் நம்ப வேண்டியதாயிற்று.

1999-இல் மூடிய பகுதி ஒன்று அளவோடு திறக்கப்பட்டது. 2004-இல் இந்த அனுபவம் சட்டமானது. குஞ்சுகள் அதிகம் இறங்கிய இடத்தைக் கண்டுபிடி, மூடு, வளர்ந்ததும் திற, வாரியதும் மறுபடி மூடு. நிலத்தை ஆறப்போட்டுப் பயிரிடும் முறையைக் கடலில் எழுதினால் இப்படித்தான் இருக்கும். சட்டம் வந்த கையோடு டெலவேர் கரைக்கு அப்பாலுள்ள எலிஃபன்ட் டிரங்க் படுகையில் கொட்டிக் கிடந்த குஞ்சுகளைக் காக்க அது மூடப்பட்டு, 2007 மார்ச்சில் திறக்கப்பட்டது. வளையத்தின் குறுக்களவும் நான்கு அங்குலமாக்கப்பட்டதால் சிறியவை பையிலிருந்து நழுவின. 1998-இல் 6,000 டன்னுக்கும் குறைவாக இருந்த தசைப் பிடிப்பு 2004-இல் ஏறக்குறைய 29,000 டன்னாயிற்று. நியூ பெட்ஃபோர்டு, பிடிப்பின் மதிப்பில் அமெரிக்காவின் முதல் துறைமுகமாக ஆண்டுக்கணக்கில் நிற்பது இந்தச் சிப்பியால்தான்.

விலகி நிற்க ஒரே ஒரு படகு மறுத்தாலும் என்ன ஆகும் என்பதற்கு அலாஸ்கா உதாரணம். அங்கே வெதர்வேன் ஸ்காலப்பை மாநில அரசு கட்டுப்படுத்திவந்தது. மாநிலத்தில் பதிவு செய்யாத படகுக்கு அந்த விதி பொருந்தாது என்ற ஓட்டையைப் பிடித்துக்கொண்டு 1995-இல் ‘மிஸ்டர் பிக்’ என்ற படகு மாநில எல்லைக்கு வெளியே, ஒதுக்கீட்டைத் தாண்டி வாரியது. மத்திய அரசு அவசர ஆணையில் அலாஸ்காவின் வெளிக்கடல் முழுவதையும் ஸ்காலப் பிடிப்புக்கு மூடிவிட்டுப் புதிதாகச் சட்டம் எழுதியது. இன்று அங்கே விரல்விட்டு எண்ணும் படகுகளே இத்தொழிலில் உள்ளன. ஒவ்வொன்றிலும் கண்காணிப்பாளர் ஒருவர் பயணம் செய்கிறார்.

பிரான்சின் வழி வேறு. பிரிட்டனி மாகாணத்தின் சான் பிரியூ விரிகுடாவில் அக்டோபர் முதல் மே நடு வரைதான் பருவம். பருவத்திலும் வாரத்துக்கு ஓரிரு நாள், ஒரு நாளைக்கு வெகுகாலமாக 45 நிமிடம்தான் டிரெட்ஜ் நீரில் இருக்கலாம். படகுகள் குறித்த நிமிடத்துக்குக் காத்து நிற்க, மேலே விமானம் ஒன்று வட்டமிட்டுக் காவல் பார்க்கும். 10.2 சென்டிமீட்டருக்குக் குறைந்த சிப்பி கடலுக்கே திரும்ப வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் பருவத்துக்கு முன் இஃப்ரமர் ஆய்வு நிறுவனம் படுகையை அளந்து சொல்கிறது. இந்தக் கெடுபிடிக்குப் பின்னால் ஓர் அச்சம் இருந்தது. பக்கத்து பிரெஸ்ட் வளைகுடாவின் ஸ்காலப், 1962-63 குளிர்காலத்தின் கடுமையில் மடிந்து, பிறகு பழைய நிலைக்கு மீளவேயில்லை. 1970-களில் ஆய்வாளர்கள் சிலர் ஜப்பானிய முறையைப் பார்த்துவந்து சான் பிரியூவில் குஞ்சு வளர்க்க முயன்றார்கள். சேகரிப்புப் பைகளில் குஞ்சுகள் போதிய அளவு ஒட்டவில்லை, வளர விட்ட சிலவற்றையும் மீனவர்கள் ஓர் இரவில் வாரிவிட்டார்கள். சமூகவியலாளர் மிஷெல் கலோன் 1980-களில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்தத் தோல்வியைப் பற்றியதே. கடல் உயிரியல் தெரியாதவர்களிடம்கூட சான் பிரியூ சிப்பி பேர் வாங்கியது அதனால்தான்.

நார்மண்டிக்கு எதிரே உள்ள சேன் விரிகுடாவில் பிரெஞ்சுப் படகுகளுக்கு மே 15 முதல் அக்டோபர் 1 வரை தடை. 12 கடல் மைலுக்கு அப்பால் அந்தத் தடை பிரிட்டிஷ் படகுகளைக் கட்டுப்படுத்தவில்லை. தாங்கள் வளர விட்டதை அடுத்தவர் வாரிப்போவதைக் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் எரிச்சல் 2018 ஆகஸ்ட் 28 அன்று வெடித்தது. 35 பிரெஞ்சுப் படகுகள் ஐந்து பிரிட்டிஷ் படகுகளைச் சூழ்ந்தன. கல் பறந்தது, புகைக்குண்டு வீசப்பட்டது, படகுகள் மோதின. செய்தித்தாள்கள் ஸ்காலப் போர் என்று எழுதி மகிழ்ந்தன. உயிரியல் நோக்கில் பிரெஞ்சுக்காரர் பக்கமே நியாயம் இருந்தது. கோடை, முட்டையிடும் காலம். ஆனால் அந்தக் கடலில் சட்டம் பிரிட்டிஷார் பக்கம் இருந்தது.

பிரிட்டனில் பெரும்பகுதிக்கு மொத்தப் பிடிப்பு வரம்பே கிடையாது. குறைந்தபட்ச அளவு, டிரெட்ஜ் எண்ணிக்கை, இடத்துக்கேற்ற பருவத்தடை ஆகியவற்றைக் கொண்டே வண்டி ஓடுகிறது. மூடிய இடம் என்ன தரும் என்பதற்குச் சான்றும் அருகிலேயே இருக்கிறது. ஐரிஷ் கடலில் ஐல் ஆஃப் மேன் தீவின் போர்ட் எரின் விரிகுடாவில் ஏறக்குறைய இரண்டு சதுர கிலோமீட்டர் 1989-இல் மூடப்பட்டது. 2003-இல் அங்கே பிடிக்கத்தக்க அளவுள்ள ஸ்காலப் வெளியே உள்ளதைவிட ஏழு மடங்குக்கும் மேல் அடர்த்தியாக இருந்தது. தென்மேற்கு இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் 2008-இல் 206 சதுர கிலோமீட்டர் டிரெட்ஜுக்கும் இழுவை மடிக்கும் மூடப்பட்டது, கடல் விசிறிகளுக்காக. ஸ்காலப்பும் பெருகியது. மூழ்கிக் கையால் எடுப்பவர்கள் உள்ளே போகத் தடையில்லை.

ஜப்பானுக்கு வரும்போது, கடலில் தானாக வளர்ந்ததைப் பிடிப்பதைக் குறிக்கும் காட்டுப் பிடிப்பு என்ற சொல்லே தடுமாறுகிறது. 1960-களில் முட்சு விரிகுடாவில் மீனவர் ஒருவர், குஞ்சுகள் ஒட்டுவதற்காகத் தொங்கவிடும் தேவதாருக் கிளையின் மேல் வெங்காயப் பையை மாட்டிப் பார்த்தார். கிளையில் ஒட்டி வளர்ந்து உதிரும் குஞ்சுகள் பைக்குள்ளேயே தங்கின. கோடிக்கணக்கில் குஞ்சு சேர்க்கும் தொழில்நுட்பம் இதிலிருந்து பிறந்தது. ஹொக்கைடோவின் ஒகோட்ஸ்க் கரையில் கடலடியை நான்கு பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஒரு பகுதியில் நட்சத்திர மீன்களை வாரி அகற்றிவிட்டு, ஓராண்டுக் குஞ்சுகளை விதைக்கிறார்கள். வேறொரு பகுதியில் முன்பு விதைத்தவற்றை அறுவடை செய்கிறார்கள். பிடிப்பதற்குச் சிப்பியில்லாமல் நொடிந்துபோயிருந்த சருஃபுட்சு கிராமம் 1971-இல் இந்த விதைப்பைத் தொடங்கி, நாட்டின் வளமான கிராமங்களில் ஒன்றாயிற்று. இப்படி வாருவது ஜப்பானியப் புள்ளிவிவரத்தில் வளர்ப்பு அல்ல, பிடிப்பு. கயிற்றில் தொங்கவிட்டு வளர்ப்பதற்கே வளர்ப்பு என்று பெயர். உலகக் காட்டு ஸ்காலப் பட்டியலில் ஜப்பான் முதலிடத்தில் நிற்பதை இந்த விவரத்தோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். அந்தத் தொழிலை அண்மையில் உலுக்கியது கடல் அல்ல, அரசியல். ஃபுகுஷிமா அணு உலை நீர் வெளியேற்றத்தை அடுத்து 2023 ஆகஸ்டில் சீனா ஜப்பானியக் கடலுணவைத் தடை செய்தபோது, சிப்பி உடைக்கும் வேலையில் கணிசமான பகுதியைச் செய்துவந்த சீன ஆலைகள் ஒரே நாளில் கைவிட்டுப் போயின.

சீனாவின் உற்பத்தி பெரும்பாலும் வளர்ப்பு. விதைத்து வாரும் முறை அங்கே ஒரு பங்குச்சந்தை நாடகத்தையும் தந்தது. ஜாங்சிதாவ் தீவின் நிறுவனம் 2014-இல் தன் ஸ்காலப் குளிர்நீரில் அழிந்ததாக அறிவித்தது. பின்னரும் இதே பாணியில் அறிவிப்புகள் வந்தன. கடலுக்கடியில் இருக்கும் இருப்பை யார் போய் எண்ணுவது? பங்குச்சந்தை ஆணையம் அந்நிறுவனப் படகுகளின் செயற்கைக்கோள் இடப்பதிவுகளை எடுத்து, உண்மையில் எங்கெங்கே வாரினார்கள் என்று வரைந்து பார்த்தது. 2016, 2017 கணக்குகள் பொய் என்று 2020-இல் தண்டனை விதித்தது.

தெற்கே கதை கடுமையானது. நியூசிலாந்தின் தென்தீவில் டாஸ்மன், கோல்டன் விரிகுடாக்களும் மார்ல்பரோ பகுதியும் 1970-களில் வாரித் தீர்க்கப்பட்டு, 1980-களின் தொடக்கத்தில் மூடப்பட்டன. பிறகு ஜப்பானிய விதைப்பு, சுழற்சி முறை, தனிநபர் ஒதுக்கீடு என்று பாடநூலில் உள்ள அனைத்தும் அங்கே செய்யப்பட்டன. சில காலம் பலனும் கிடைத்தது. 2002-க்குப் பின் பிடிப்பு சரிந்துகொண்டே போய், 2016-17-இல் அந்தக் களங்கள் மறுபடி மூடப்பட்டன. 2022-இல் வடதீவின் களங்களும் மூடப்பட்டன. மலைச்சரிவுகளிலிருந்து மழையில் அடித்துவரும் சேறு விரிகுடாவின் தரையை மூடுவதும், நீர் சூடாவதும் காரணங்களாகப் பேசப்படுகின்றன. பல்லாண்டு வாரியதில் தரையே மாறிவிட்டது என்பாரும் உண்டு. ஆறப்போடும் முறைக்கும் எல்லை உண்டு என்று காட்டும் முக்கிய எடுத்துக்காட்டு இதுவே. தரை கெட்டுவிட்டால் எத்தனை ஆண்டு மூடினாலும் குஞ்சு இறங்க இடமில்லை.

மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் அதைவிட வேகமாக நடந்தது. 2010-11 கோடையின் கடல் வெப்ப அலை குஞ்சுகளையும் தாய்ச்சிப்பிகளையும் ஒருங்கே கொன்றது. 2012-இல் மூடிய களம் 2015-இல்தான் பகுதியாகத் திறந்தது. பெருவில் அதே வெப்பம் வரமாகவும் வரும். 1982-83 எல் நினோவில் பிஸ்கோ கரையில் நீர் சூடேற, அங்குள்ள ஸ்காலப் முன் காணாத அளவு பெருகியது. காற்றழுத்தக் குழாயை வாயில் கவ்வி மூழ்குபவர்கள் நாடெங்குமிருந்து திரண்டார்கள். சில ஆண்டுகளில் எல்லாம் தீர்ந்தது. அதே நாட்டின் வடக்கே செச்சுரா விரிகுடாவில் எல் நினோ மழையால் ஆற்று வெள்ளம் புகுந்து உப்பைக் குறைத்து, சிப்பிகளை மொத்தமாக மாய்க்கிறது. 2017-இல் அதுதான் நடந்தது.

குளிர்க்கடலில் வளர்ச்சி மெதுவென்பதால் பிழைக்கு விலை அதிகம். நார்வேப் படகுகள் 1980-களின் நடுவில் ஸ்வால்பார்டைச் சுற்றியுள்ள, ஐஸ்லாந்து ஸ்காலப் என்ற இனத்தைக் கண்டு பாய்ந்தன. 1987-இல் உச்சம், சில ஆண்டுகளில் சூனியம். ஐஸ்லாந்தின் பிரெய்தாஃபியோர்துர் களம் 2003-இல் மூடப்பட்டது. அர்ஜென்டினா 1996-இல் தொடங்கிய பட்டகோனிய ஸ்காலப் பிடிப்பை முதலிலிருந்தே சில கப்பல்களோடு நிறுத்திக்கொண்டது. கண்டத்திட்டின் விளிம்பில் சுமார் 100 மீட்டர் ஆழத்திலுள்ள படுகைகளுக்குத் தனித்தனி வரம்பும் வைத்தது. பரபரப்புச் செய்தி எதுவும் அங்கிருந்து வருவதில்லை.

அமெரிக்கப் பிடிப்பு இப்போது இறங்குமுகம். 2019-இல் ஏறக்குறைய ஆறு கோடி பவுண்டாக இருந்தது 2023-இல் பாதிக்கும் கீழே வந்தது. முந்தைய உச்சத்தைத் தாங்கியவை 2012, 2013-இல் இறங்கிய அசாதாரணக் குஞ்சுக்கூட்டங்கள். நான்டக்கெட் தீவுக்குத் தெற்கே ஆழத்தில் அவை நெருக்கியடித்துக் கிடந்து, ஆண்டுகள் போயும் எதிர்பார்த்த அளவு பருக்கவில்லை. மூடி வைத்தும் வட்டி வரவில்லை. அவை தீர்ந்தபின் அதற்கு நிகரான கூட்டம் இறங்கவில்லை. தெற்கே அட்லாண்டிக் நடுக்கரையில் நீர் சூடாகி, சிப்பிகள் முன்பு வாழ்ந்த எல்லை வடக்கே ஒதுங்குகிறது. 1994 முதல் மூடியிருக்கும் ஜார்ஜஸ் பேங்க்கின் வடவிளிம்பைத் திறக்கும்படி தொழில்துறையினர் கேட்டார்கள். காட் மீன், சிங்கி இறால் ஆகியவற்றின் வாழிடம் அது என்ற எதிர்ப்பும் எழுந்தது. 2024-இல் மீன்வள மன்றம் அந்த முயற்சியைக் கைவிட்டது.

டிரெட்ஜ் இல்லாமல் பிடிக்க முடியுமா என்ற தேடலில் எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு விடை வந்தது. ஸ்காலப்பின் ஓட்டு விளிம்பில் 200 வரை சிறு கண்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் வில்லைக்குப் பதில் குவானின் படிகங்களாலான நுண்ணிய ஆடி ஒளியைக் குவிக்கிறது. இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் நண்டுக் கூடுகளில் இரை மீனுக்குப் பதிலாகச் சிறு எல்.இ.டி. விளக்கு வைத்துப் பார்த்தபோது, நண்டுக்கு மாறாக ஸ்காலப் ஏறி வந்தது. 2022-இல் வெளியான சோதனையில் விளக்கு வைத்த 985 கூடுகளில் 518 ஸ்காலப்பும் விளக்கில்லாத 901 கூடுகளில் இரண்டும் கிடைத்தன. இரண்டு கூட்டுக்கு ஒன்று என்ற இந்த விகிதம் ஒரு டிரெட்ஜ் படகுக்கு எண்ணெய்ச் செலவுக்கும் காணாது. ஏற்கெனவே நண்டுக்குக் கூடு போடுபவருக்கோ தரையைக் கிளறாமல் கிடைக்கும் உபரி வருமானம்.